அப்புறம் என்கிற பொத்தான்

செப்டம்பர் 22, ஞாயிறு

இன்றும் இவர்தான் தோற்றார். சேமலையண்ணாவிடம் இவர் தோற்பது புதிதில்லை. ஐ.டி.ஐ.யில் சேர்ந்து படித்த காலத்திலிருந்தே இரண்டு பேரும் மட்டையும் பந்துமாக மல்லுக்கட்டிக்கொண்டவர்கள். அண்ணா மஸ்கட்டுக்கு வேலைக்குப் போன பிறகு ஆளுக்கொரு கேம் மெஷின் வாங்கிக்கொண்டார்கள். இரண்டு கையிலும் பிடித்து ஆடுகிற, சின்னத்திரை வைத்த மெஷின். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் அங்கிருந்து பந்து போடுவார், இவர் இங்கே கோயமுத்தூரில் கட்டிலில் உட்கார்ந்து அடிப்பார்.

தோற்கட்டும், அதைப்பற்றி எனக்கென்ன. ஆனால் இன்று தோற்ற விதம் சரியில்லை. பந்து வந்து ஸ்டம்பைத் தட்டிவிட்டுப் போகிறவரை மட்டை அசையவே இல்லை. அடுத்த பந்துக்கும் அப்படித்தான்.

"போன மாசம் ஒரு அப்டேட் வந்துச்சல்ல, அதுக்கப்பறம் பட்டன் சரியா எடுக்கறதில்ல," என்றார் இவர்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காசு கொடுத்து வாங்கின பொருளுக்குள் நம்மைக் கேட்காமல் வீட்டுக்கு வந்து கை வைத்துவிட்டுப் போகிறான் கம்பெனிக்காரன். இவர் பட்டறைக்குப் போவதை நிறுத்தி நான்கு மாதமாகிறது. லேத்தில் வேலை செய்துகொண்டிருந்தபோது ஸ்பானர் நழுவிக் காலில் விழுந்தது. காயம் ஆறிவிட்டது, இவர்தான் திரும்பிப் போகவில்லை. வாரம் முழுக்க இந்த ஞாயிற்றுக்கிழமைக்காகத்தான் சவரம் செய்துகொள்கிறார், சிரிக்கிறார். இதுவும் போய்விட்டால் இவர் என்ன ஆவார் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

சாயங்காலம் ஒரு பிறந்தநாள் விருந்துக்குக் கிளம்பும்போது இவர் சட்டைப் பட்டனை நான்தான் போட்டுவிட்டேன். புதுச் சட்டை, காஜா இறுக்கம். மாவுக்கு அரிசி ஊறப்போட்டாகிவிட்டது.

செப்டம்பர் 25, புதன்

மாவு பாக்கெட்டுகளைக் கடைகளுக்குப் போட்டுவிட்டு அப்படியே காந்திபுரம் போனேன். செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிற டைட்டஸ் இந்த மாதிரி மெஷின்களும் பார்ப்பான். நல்ல பையன், வாய்தான் ஓயாது.

ஃபர்ம்வேர் என்றால் மெஷினுக்குள் பிறந்தபோதே எழுதிவைத்த புத்தி என்றான். அதிலேயே மூன்று தினுசு இருக்கிறதாம். முதலாவது கம்பெனி போட்டது. கம்பெனி சொன்ன பட்டன், கம்பெனி சொன்ன வேலையை மட்டும்தான் செய்யும். இரண்டாவது, அதை அழித்துவிட்டு அதே இடத்தில் வேறொன்றை எழுதுவது. நடுவில் பிசகினால் மெஷின் அவ்வளவுதான், டெட். மூன்றாவது, உள்ளே இருப்பதைத் தொடாமல், அதன் நகலை மெமரி கார்டில் வைத்து, நகலில் மட்டும் மாற்றம் செய்து கார்டிலிருந்து ஓட்டுவது. அணைத்துப் போட்டால் பழைய ஆள்தான் எழுந்து வருவான். புது ஆள் வேண்டுமென்றால் மறுபடி கார்டிலிருந்து ஏற்ற வேண்டும்.

"நமக்கு மூணாவதுதானுங்க்கா. வலது பக்கத்துப் பட்டன் வேலையை இடது பக்கத்துக்கு மாத்திக்கலாம். லேசாத் தொட்டாப் போதும்னு வெச்சுக்கலாம். கம்பெனி ஃபர்ம்வேர்ல அதெல்லாம் நடக்காது."

"டெட் ஆயிராதே?"

"இப்ப இருக்கற வெர்ஷனுக்கு வழி இருக்குதுங்க்கா. அடுத்த அப்டேட் ஏறிருச்சுன்னா அந்த வழிய அடைச்சிருவானுங்க. அப்பறம் என்ற கையில ஒண்ணுமில்ல. ஆயுத பூஜை கழிஞ்சு இதுக்கு வேண்டிய சாமான் வந்துரும். அதுவரைக்கும் ஆடற நேரம் தவிர வைஃபையை ஆஃப் பண்ணியே வெச்சிருங்க. அப்டேட் கேட்டா, 'அப்புறம்'னு குடுங்க."

இன்னொரு குண்டும் போட்டான். மாற்றின மெஷினோடு கம்பெனியின் இணையத்துக்குள் போனால் கண்டுபிடித்துத் தடை போட்டுவிடுவார்களாம். அதற்கும் வழி வைத்திருக்கிறான். கம்பெனிப் பக்கமே போகாமல் இவர் மெஷினும் சேமலையண்ணா மெஷினும் நேராகப் பேசிக்கொள்கிற மாதிரி செய்து தருவானாம். நான் தலையாட்டினேன்.

கிளம்பும்போது, நான் கொண்டுபோயிருந்த மெஷினை வாங்கி எல்லாப் பட்டனையும் அழுத்திப் பார்த்தான். "எனக்கு நல்லாத்தான் எடுக்குதுங்க்கா. அண்ணனுக்குக் கையில ஏதாச்சும்..."

"கையில ஒண்ணுமில்ல. பட்டன்தான் சரியில்ல," என்றேன். கொஞ்சம் கத்திவிட்டேன் போலிருக்கிறது. பக்கத்தில் நின்ற ஆள் திரும்பிப் பார்த்தார்.

செப்டம்பர் 29, ஞாயிறு

சொல்லவே வேண்டாம். பாதியிலேயே மெஷினை வைத்துவிட்டு, தலைவலி என்று படுத்துவிட்டார்.

அக்டோபர் 3, வியாழன்

ஆஸ்பத்திரியிலிருந்து மறுபடி போன். இவருக்கு ஆகஸ்டில் எழுதிக்கொடுத்த நரம்பு டெஸ்ட்டுக்கு எப்போது வருகிறீர்கள் என்று கேட்கிறார்கள். தீபாவளி கழியட்டும் என்றேன். சீசன் நேரத்தில் மாவு வியாபாரத்தை விட்டுவிட்டு ஒரு நாள் முழுக்க அங்கே போய் உட்கார முடியுமா.

மத்தியானம் மெஷின் மாற்றுகிற வீடியோ ஒன்று பார்த்தேன். பேசிக்கொண்டே செய்கிறான், திடீரென்று திரை கறுத்துவிட்டது. அதன் பிறகு அவன் எதை அழுத்தியும் எழவில்லை. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். பார்த்திருக்கவே கூடாது.

அத்தை சோற்றைப் போட்டுக்கொண்டே, "ஏஞ்சாமி, ஸ்பூன்ல திங்கற?" என்று மகனைக் கேட்டார். ரசம் சூடாக இருக்கிறது என்று நான்தான் சொன்னேன்.

அக்டோபர் 7, திங்கள்

இவரிடம் டைட்டஸ் சொன்னதையெல்லாம் விவரமாகச் சொன்னேன். மூன்று தினுசையும் விரல் மடக்கிச் சொன்னேன். சந்தோஷப்படுவார் என்று பார்த்தால் முகம் விழுந்துவிட்டது.

"வேண்டாம் புள்ள, விட்டுரு. இருக்கறபடி இருக்கட்டும்."

"டெட் ஆயிரும்னு பயப்படறீங்களா? உள்ள இருக்கறதத் தொடவே மாட்டானாம்."

"அதுக்கில்ல."

"அப்பறம் எதுக்கு?"

சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். இந்த மனிதரோடு குப்பை கொட்டுவது லேசுப்பட்ட காரியமில்லை. நான் செய்வதாக முடிவு செய்துவிட்டேன். மெஷின் மறுபடி அப்டேட் கேட்டது, 'அப்புறம்' கொடுத்தேன்.

அக்டோபர் 11, வெள்ளி

ஆயுத பூஜை.

வருஷா வருஷம் இவர் பட்டறையிலிருந்து மைக்ரோமீட்டரையும் லேத் டூல்களையும் துடைத்து எடுத்து வருவார். அத்தை அவற்றுக்குச் சந்தனம், குங்குமம் வைப்பார். இந்த வருஷம் கொண்டுவர ஒன்றுமில்லை. நான் கிரைண்டரைக் கழுவிப் பொட்டு வைத்து, வாசலுக்குப் பூசணிக்காய் உடைக்கப் போயிருந்தேன். திரும்பி வந்து பார்த்தால் பூஜையில், பொரிகடலைத் தட்டுக்குப் பக்கத்தில், மூன்று பொட்டோடு இவருடைய கேம் மெஷின்.

"என்ற பையன் கை படற சாமான் இப்ப அது ஒண்ணுதானே. அதையும் சாமி பாக்கட்டும்," என்றார் அத்தை. சார்ஜர் ஒயரோடு வைத்திருக்கிறார். வெளிச்சம் தெரியட்டும் என்று திரையையும் தட்டி எழுப்பியிருக்கிறார்.

கற்பூரம் காட்டிக் கும்பிட்டு நிமிர்ந்தபோதுதான் பார்த்தேன். வைஃபை ஆன். நேற்று சேமலையண்ணா ஏதோ படம் அனுப்பினார் என்று இவர் போட்டவர் திரும்ப அணைக்கவில்லை. திரையின் ஓரத்தில் சின்னதாக ஒரு கோடு நீண்டுகொண்டிருந்தது. அப்டேட் இறங்கிக்கொண்டிருந்தது.

கையை நீட்டிவிட்டேன். "தொடாத கண்ணு. பூசையில வெச்சத நாளைக்கு மறுபூசை பண்ணித்தான் எடுக்கோணும். தெரியாததா உனக்கு?" என்றார் அத்தை.

மற்ற வருஷமாக இருந்தால் கன்னத்தில் போட்டுக்கொண்டு அணைத்திருப்பேன். சாமி என்னைக் கோபிக்காது என்கிற தைரியம் இருந்தது. இந்த வருஷம் அந்தத் தைரியம் இல்லை. கை பாதியில் நின்றுவிட்டது. மோடத்தையாவது அணைக்கலாம் என்று கூடத்துக்கு ஓடினேன். அதன் நெற்றியிலும் சந்தனம் பூசிக் குங்குமம் வைத்திருந்தார் அத்தை. அதையும் தொடவில்லை.

பூஜை அறை வாசலில் உட்கார்ந்து அந்தக் கோடு முடிகிறவரை பார்த்துக்கொண்டிருந்தேன். இன்றைக்கு வேறு வேலையும் இல்லை, கிரைண்டரையும் தொடக்கூடாது.

அக்டோபர் 12, சனி

மறுபூஜை முடிந்த கையோடு மெஷினை எடுத்தேன். 'அப்டேட் தயார். இப்போது மறுதொடக்கம் செய்யவா? அப்புறமா?' 'அப்புறம்' கொடுத்துவிட்டு டைட்டஸுக்குப் போன் அடித்தேன்.

"ஆஃப் ஆக விட்டுராதீங்க்கா. இறங்கினது உள்ள காத்துட்டு இருக்குது. ஆஃப் ஆகித் திரும்ப எந்திரிச்சா அதுவே ஏறிரும். சார்ஜ்லயே வெச்சு எடுத்துட்டு வாங்க."

சொல்லி வைத்த மாதிரி கரண்ட் போனது. மாதாந்திரப் பராமரிப்பாம், சாயங்காலம்தான் வருமாம். விஜயதசமியன்றுகூட விடமாட்டார்கள். மெஷினில் சார்ஜ் நிற்பதே இல்லை, பழைய பேட்டரி. பக்கத்து வீட்டில் பவர் பேங்க் கேட்டு வாங்கி, செருகி, மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். ஒரு கையால் ஒயரைப் பிடித்துக்கொண்டே இருந்தேன். மேட்டில் பஸ் தூக்கிப்போட்டபோது ஒயர் கழன்று திரை மங்கியது. நான் அம்மா என்று சத்தம் போட்டதில் கண்டக்டர் ஓடி வந்து, "குழந்தைங்களா?" என்று கேட்டார்.

டைட்டஸ் கடையைத் திறந்து வைத்திருந்தான். பொட்டைப் பார்த்துச் சிரித்தான். அப்புறம் அவனும் சிரிக்கவில்லை. மெஷினை அணைத்து, சத்தம் கூட்டுகிற பட்டனையும் குறைக்கிற பட்டனையும் சேர்த்துப் பிடித்தபடி உயிர் கொடுத்தான். அப்படி எழுப்பினால், காத்திருக்கிற அப்டேட் ஏறாமலே அழிந்துவிடுமாம். அழிந்தது. வெர்ஷன் பழையபடியே நின்றது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

சாமான் வந்துவிட்டதால் இன்றைக்கே செய்துவிடச் சொன்னேன். முதலில் உள்ளே இருப்பதை அப்படியே நகல் எடுத்து வைத்தான். "எது போனாலும் இது கையில இருக்கோணும்," என்றான். கார்டைச் செருகி, ஓரத்தில் குட்டியாக ஒரு கிளிப்பை மாட்டி, லேப்டாப்பிலிருந்து ஏற்றினான். திரை கறுத்தது. அந்த வீடியோவில் பார்த்த அதே கறுப்பு. டைட்டஸ் வாயை மூடிக்கொண்டுவிட்டான், அது இன்னும் பயமாக இருந்தது. எந்தச் சாமியையெல்லாம் கூப்பிட்டேன் என்று தெரியவில்லை, வேளாங்கண்ணி மாதாவையும் சேர்த்துக் கூப்பிட்டேன்.

எழுந்து வந்தது. புது ஆள்.

கடைசியாக ஒரு பக்கம் காட்டினான். பட்டன் ஒவ்வொன்றுக்கும் ஒரு வட்டம். அழுத்தினால் வட்டம் பச்சையாகும். லேசாகத் தொட்டாலும் ஆகும். "அண்ணன் எதை எவ்வளவு அழுத்தறாருன்னு இதுல பாத்துட்டு, அதுக்குத் தகுந்தாப்புல மாத்திக்கலாங்க்கா. கம்பெனி ஃபர்ம்வேர்ல இவ்வளவு தெளிவாக் காட்டாது."

வீட்டுக்கு வந்ததும் இவர் கையில் கொடுத்தேன். பரீட்சையில் பாசான பிள்ளை மாதிரி நின்றேன்.

"நாளைக்குப் பாத்துக்கலாம் புள்ள."

"இப்பவே பாருங்க. எல்லாம் அழுத்துங்க."

வலது கைக் கட்டைவிரலை வைத்தார். வட்டம் ஒன்றும் மாறவில்லை. அது எதிர்பார்த்ததுதான், டைட்டஸிடம் ஒத்துக்கொள்ளாவிட்டாலும் வலது கைதானே கொஞ்ச நாளாக மந்தம், அதற்குத்தானே இத்தனை பாடும். இடது பக்கம் அழுத்தச் சொன்னேன். ஒரு வட்டம் பச்சையாகி அணைந்தது. அடுத்தது ஆகவில்லை. அதற்கடுத்ததும் ஆகவில்லை.

"அழுத்துங்க."

"அழுத்திட்டுத்தான் இருக்கறேன் புள்ள."

அவர் விரலைப் பார்த்தேன். பட்டன்மேல் வைத்த இடத்தில் அப்படியே இருந்தது. நகம்கூட வெளுக்கவில்லை. அவர் விரல்மேல் என் விரலை வைத்து அழுத்தினேன். வட்டம் பச்சையானது. எடுத்தேன், போய்விட்டது. மெஷினில் ஒரு கோளாறும் இல்லை. என்றைக்குமே இருந்ததில்லை.

"எப்ப இருந்து?"

"வலது கை சித்திரையிலயே. ஸ்பானர் அதனாலதான் உழுந்துச்சு. இடது கை ஆடியில இருந்து."

"ஏஞ்சொல்லல?"

"நீ கம்பெனிக்காரனத் திட்டிட்டு இருந்த. அதக் கேட்டுட்டு இருக்கறப்ப, ஒருவேளை மெஷின்தானோன்னு எனக்கே தோணும்."

நான் அவரைத் திட்டவில்லை. எனக்கும் தெரியும். சட்டைக் காஜா இறுக்கமில்லை, ரசமும் சூடாக இல்லை. தெரிந்துகொண்டேதான் இத்தனை நாளாக அப்புறம், அப்புறம் என்று கொடுத்துக்கொண்டிருந்தேன்.

அக்டோபர் 13, ஞாயிறு

இன்று ஆட்டம் இல்லை என்று சேமலையண்ணாவுக்குச் செய்தி அனுப்பினேன். காரணம் எழுதவில்லை.

அக்டோபர் 15, செவ்வாய்

நரம்பு டெஸ்ட். ஊசிகளைக் குத்தி, கரண்ட் வைத்து, ஒரு திரையில் கோடுகளைப் பார்த்தார்கள். மறுபடியும் ஒரு திரை, மறுபடியும் கோடு. இவர் பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தார். என்னை வெளியே போகச் சொன்னார்கள், நான் போகவில்லை.

டாக்டரம்மா நோயின் பெயரைச் சொன்னார். இங்கே எழுத மாட்டேன். தசைக்குப் போகிற நரம்பு ஒவ்வொன்றாகப் பட்டுப்போகுமாம். கை, கால், பிறகு மற்றது. நிறுத்த மருந்து இல்லை, கொஞ்சம் தள்ளிப்போட மாத்திரை இருக்கிறது. புத்தி மட்டும் கடைசிவரை பளிச்சென்று இருக்கும் என்றார், ஆறுதலாகத்தான் சொன்னார். எனக்கு அதுதான் எல்லாவற்றையும்விடப் பயமாக இருந்தது.

நாக்கை நீட்டச் சொல்லி டார்ச் அடித்து வெகுநேரம் பார்த்தார். "கையிலதானே கோளாறு, நாக்க எதுக்குப் பாக்கறீங்க?" என்று கேட்டேன்.

"சாப்பிடறப்ப பொறை ஏறினாலோ, பேச்சு குழறினாலோ உடனே வாங்கம்மா," என்றார். கேட்டதற்கு அதுதான் பதில்.

பஸ்ஸில் இவர் ஜன்னலோரம் உட்கார்ந்து கடைப் பலகைகளை ஒவ்வொன்றாகச் சத்தமாகப் படித்துக்கொண்டே வந்தார். ஏன் என்று நான் கேட்கவில்லை.

அக்டோபர் 17, வியாழன்

மூன்று மரக்கால் அரிசி அரைத்தேன். அத்தையிடம் இன்னும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. கிரைண்டர் ஒயரைக் காலால் இடறிவிட்டதற்கு அவரிடம் கத்திவிட்டேன், பிறகு போய்க் காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவர் மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு, "ஏங்கண்ணு, மாவு புளிச்சுப்போச்சா?" என்றார்.

அக்டோபர் 20, ஞாயிறு

காலையில் இவரே, "மெஷினை எடு," என்றார்.

"எப்படிங்க?"

"நீ புடி. நான் சொல்றேன். நான் 'இப்ப'ன்னு சொன்னா அழுத்து, அவ்வளவுதான்."

இத்தனை பயந்து, பஸ்ஸில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போய் ஏற்றிய ஃபர்ம்வேருக்கு இப்போது பெரிய வேலை இல்லை. அழுத்துவது என் கட்டைவிரல், அது எந்தத் தினுசிலும் வேலை செய்யும். ஆனாலும் டைட்டஸ் சொல்லிக்கொடுத்தபடி கார்டிலிருந்து ஏற்றி, சேமலையண்ணா மெஷினோடு நேராக இணைத்தேன். அண்ணாவைப் போனில் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டுக் கட்டிலில் வைத்தேன். வியாதியைப் பற்றி அவருக்கு ஒன்றும் சொல்லவில்லை. இவர்தான் சொல்ல வேண்டாம் என்றார்.

என் தோளில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார். "இப்ப," என்றார். நான் அழுத்துவதற்குள் பந்து போய்விட்டது. "நான் கொஞ்சம் முந்திச் சொல்றேன்," என்றார். அடுத்த பந்துக்கு முந்திச் சொன்னார், மட்டையில் பட்டது. அதற்கடுத்தது எல்லைக் கோட்டுக்குப் போனது. இவர் சிரித்தார். பல நாளைக்குப் பிறகு அந்தச் சிரிப்பு. எனக்கும் ஒரு வெறி வந்துவிட்டது, வாழ்க்கையில் மட்டையே பிடிக்காதவள் ஒரு ஓவரை வெளுத்து வாங்கினேன். சேமலையண்ணா மஸ்கட்டிலிருந்து ஐயோ ஐயோ என்று கத்தினார்.

"எப்படிறா திடீர்னு இப்படி அடிக்கற?"

"கைய மாத்திக்கிட்டேன்டா. இனி உனக்குச் சனி தசைதான்," என்றார் இவர்.

அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு. "டேய் மாதேசு, என்னடா, காலங்காத்தாலயே ஊத்திக்கிட்டியா? நாக்கு குழறுது உனக்கு."

இவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். எனக்குக் குழறினதாகவே தெரியவில்லை. தினமும் கேட்கிறவளுக்கு எப்படித் தெரியும். அண்ணா வாரத்துக்கு ஒருமுறை கேட்கிறவர், போன வாரம் அதுவும் இல்லை.

"லைன் சரியில்லடா," என்றார் இவர்.

"ஆமாங்ணா, விடிஞ்சதுல இருந்தே இங்க லைன் சரியில்லீங்," என்றேன் நானும்.

"அதான பாத்தேன். செரி, வருது பாரு," என்றார் அண்ணா. அவர் குரல் பக்கத்து அறையிலிருந்து பேசுகிற மாதிரி அத்தனை தெளிவாக இருந்தது.

பந்து வந்தது. "இப்ப," என்றார் இவர். அந்தச் சொல் எப்படி விழுகிறது என்று கேட்டுக்கொண்டிருந்ததில், அழுத்த மறந்துவிட்டேன்.